அம்மாவின் ரிக்கெற்றில் அண்ணாவின் சர்நேம்

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டது இது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, அம்மாவுக்கு இணையத்தில் ரிக்கெற் எடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மாவின் பாஸ்போட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது அம்மாவின் அப்பா பெயர். ரிக்கெற்றில் இருப்பது அண்ணாவின் சர்நேம், அதாவது இவர்களுடைய அப்பாவின் பெயர். கனடா விசா பாஸ்போட்டில் உள்ளபடி சரியாகவே வந்திருக்கிறது. பயணத்துக்கு 12 நாள் இருக்கிறது. "ஆள் ஒன்றுதானே, எயார்போட்டில் சொல்லி விளங்கப்படுத்தலாமா? இல்லாவிட்டால் இதை விட்டுவிட்டு வேறு ரிக்கெற் எடுக்கவேணுமா?"

இரண்டும் வேண்டாம், தங்கச்சி. எயார்போட்டில் விளங்கப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் அம்மாவை வாகனத்தில் ஏற்றாதீர்கள். இரவிரவாக ஓடிக் கட்டுநாயக்காவுக்குப் போய், விடியற்புறம் கவுண்டரில் நின்று, முகம் தொங்கித் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதேநேரம் ரிக்கெற்றைத் தூக்கி எறியவும் அவசரம் இல்லை. 12 நாள் என்பது இந்த வேலைக்கு நல்ல அவகாசம். நான் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு ரிக்கெற் ஏஜென்சியின் கவுண்டரில் 19 வருடமாக இருக்கிறேன். உங்கள் அண்ணா விட்ட பிழையைத்தான் மாதத்துக்கு இரண்டு மூன்று தரம் பார்க்கிறேன். பெரும்பாலும் திருத்திவிடலாம். ஆனால் யார் கேட்பது, யாரிடம் கேட்பது, என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

முதலில் அண்ணாவைத் திட்டாதீர்கள். விமானக் கம்பனிகளின் கொம்பியூட்டரில் பெயருக்கு இரண்டு பெட்டி. ஒன்று குடும்பப் பெயருக்கு, மற்றது சொந்தப் பெயருக்கு. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எந்தக் காலத்தில் இருந்தது? அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. அடுத்த தலைமுறையில் எங்கள் பெயர் முன்னுக்குப் போய்விடும். உங்கள் அம்மாவைப் பரமேஸ்வரி என்றும், அவரின் அப்பாவைக் கந்தையா என்றும், கணவரைச் செல்வராசா என்றும், மாமனாரை முருகேசு என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துப் பாஸ்போட் பலவற்றில் நடப்பதுபோல அப்பா பெயரை சர்நேம் பெட்டியில் போட்டால், அம்மாவின் சர்நேம் கந்தையா, அப்பாவின் சர்நேம் முருகேசு, பிள்ளைகளின் சர்நேம் செல்வராசா. ஒரு வீடு, ஒரு அடுப்பு, மூன்று சர்நேம். இதில் கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைப் பாஸ்போட்டில் போட்டுக்கொண்ட பெண்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அக்காவுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு வேறு மாதிரி.

கனடாவில் கதை வேறு. அங்கே அண்ணாவின் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் செல்வராசா ஆகிவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருடமாக அவர் நிரப்பிய அத்தனை படிவத்திலும் குடும்பப் பெயர் என்றால் செல்வராசாதான். அம்மாவின் ரிக்கெற்றுக்கு அந்தப் பெட்டி வந்ததும் கை தன்பாட்டில் எழுதியிருக்கும். சில நேரம் கையும் இல்லை, கொம்பியூட்டரே பழைய பதிவைப் பார்த்துத் தானாக நிரப்பிவிடும்.

எதைப் பார்த்துப் பெயர் போட வேண்டும் என்று கேட்டால் நான் காட்டுவது ஒரே இடம்தான். பாஸ்போட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடும். ஒவ்வொன்றும் 44 எழுத்து, இயந்திரம் வாசிப்பதற்கு. உலகம் முழுக்க ஒரே அமைப்பு. ஐக்கிய நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ வகுத்தது. மேல் வரியில் இலங்கையைக் குறிக்கிற எல்கேஏ என்ற மூன்று எழுத்து முடிந்ததும் பெயர் தொடங்கும். முதலில் வருவது சர்நேம். பிறகு இடப்பக்கம் கூர் வைத்த அடையாளம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அதற்குப் பிறகு வருவது சொந்தப் பெயர். அந்த இரட்டை அடையாளத்துக்கு முன்னுக்கு இருப்பதை சர்நேம் பெட்டியிலும், பின்னுக்கு இருப்பதை முதற்பெயர்ப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து போட்டால் போதும். அடையாள அட்டையைப் பார்த்துப் போடாதீர்கள். கலியாண அழைப்பிதழில் இருக்கிற முதலெழுத்தை வைத்தும் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரலில் சொல்லுகிற வேலை இன்னும் மோசம். செல்வராசா என்று காதில் கேட்டால் அதை ஆங்கிலத்தில் எஸ் போட்டு எழுதுவதா, ஜே போட்டு எழுதுவதா, கடைசியில் எச் வருமா என்று எவரால் சொல்ல முடியும்? தர்சன் ரி-எச்சில் தொடங்குவாரா டி-எச்சில் தொடங்குவாரா என்பது அவரைப் பெற்றவர்களுக்கே சில வேளை நினைவில் இருக்காது. படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, கவுண்டரில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று விளங்கினால் கோபம் குறையும். கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு முன்னால் இரண்டு கேள்வி. பாஸ்போட்டில் உள்ளவரும் ரிக்கெற்றில் உள்ளவரும் ஒருவரா? போகிற நாட்டுக்குள் நுழைய இவரிடம் சரியான பத்திரம் இருக்கிறதா? கனடாவுக்கு உரிய பத்திரம் இல்லாத ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினால் விமானக் கம்பனியிடம் ஆளுக்கு 3,200 டொலர் வரை அந்த நாட்டு அரசாங்கம் அறவிடும். திருப்பிக் கொண்டுவருகிற செலவும் அவர்கள் தலையில். ஆகவே சந்தேகம் என்றால் ஏற்றாமல் விடுவதுதான் அவர்களுக்குப் பத்திரமான வழி. ஒரு எழுத்து மாறியதென்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சில நேரம் விடுவார்கள். சர்நேம் முழுக்க வேறு என்றால் அது அவர்கள் கண்ணுக்கு வேறொரு ஆள்.

இந்த இடத்தில்தான் முக்கியமான சொல் ஒன்று இருக்கிறது. அண்ணா தொலைபேசி எடுத்து "நேம் சேஞ்ச்" என்று கேட்டால், மறுமுனையில் இருப்பவர் "ரிக்கெற்றை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் சொல்வது சரி. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகிற பெரிய கம்பனிகளின் ரிக்கெற் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாதது. நீங்கள் கேட்பது அது அல்ல. ஆள் அதே ஆள், பிறந்த திகதி அதே திகதி, பெயர் பிழையாகப் பதியப்பட்டிருக்கிறது. இதற்கு அவர்களுடைய பாஷையில் "நேம் கரெக்‌ஷன்". அந்தச் சொல்லையே சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்கள் சேஞ்ச் என்று கேட்டு மறுக்கப்பட்டு அழுதுகொண்டு வந்ததை, அதே கம்பனிக்கு அதே நாளில் கரெக்‌ஷன் என்று எழுதி நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் "காசு கட்டினால் பெயர் மாற்றலாம், நாங்கள் மாற்றியிருக்கிறோம்" என்று சொல்வார்கள். பொய் இல்லை. ஐரோப்பாவுக்குள் ஓடுகிற ரயன்எயார், ஈஸிஜெட் போன்ற மலிவு விமானங்களில் கட்டணம் கட்டிப் பெயரையே மாற்றலாம். அந்த அனுபவத்தை வளைகுடாக் கம்பனியின் ரிக்கெற்றில் போட்டுப் பார்க்கக் கூடாது.

யாரிடம் கேட்பது? பலர் தடுமாறுவது இதில்தான். ரிக்கெற்றை யார் வழங்கினார்களோ அவர்கள்தான் திருத்தவேண்டியவர்கள். அண்ணா விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில் எடுத்திருந்தால் நேரே கம்பனி. வேறொரு முன்பதிவுத் தளத்தில் எடுத்திருந்தால் அந்தத் தளம். கம்பனிக்கு அடித்தால் "உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்பார்கள், தளத்துக்கு அடித்தால் "கம்பனியிடம் கேளுங்கள்" என்பார்கள். இந்தப் பந்தாட்டம் எனக்கும் நடந்திருக்கிறது. என் மைத்துனருக்கு நான் ஊரில் இல்லாத நேரம் பிள்ளைகள் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் எடுத்த ரிக்கெற்றுக்காக நான் மூன்று இரவு தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி இழுத்தடித்தால், கம்பனியிடம் "திருத்தத்துக்கு நீங்கள் அனுமதி கொடுத்ததாகப் பதிவில் ஒரு குறிப்புப் போடுங்கள், ஏஜென்ட் மீள வழங்கட்டும்" என்று கேட்கவேண்டும். குறிப்பு விழுந்தபின் தளத்துக்குச் சாக்கு இல்லை.

ரிக்கெற்றில் 13 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். முதல் மூன்று இலக்கம் எந்தக் கம்பனியின் ரிக்கெற் என்று சொல்லும். 603 என்றால் ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 157 கட்டார், 014 எயார் கனடா, 098 எயார் இந்தியா. விமானத்தில் எழுதியிருக்கிற பெயரைவிட இந்த இலக்கம்தான் உங்களுக்கு முக்கியம். ஏனென்றால் எமிரேட்ஸும் எயார் கனடாவும் 2022 முதல் கூட்டாளிகள். ஒரு கம்பனியின் ரிக்கெற்றில் ஒரு துண்டுப் பயணம் மற்றதன் விமானத்தில் இருக்கலாம். அப்படி இரண்டு கம்பனி கலந்த ரிக்கெற்றில் பெயர் திருத்துவது கொஞ்சம் முட்கம்பி வேலை. முதற் கம்பனி தன் பதிவில் பெயரைத் திருத்தினாலும் மற்றக் கம்பனியின் கொம்பியூட்டர் அதை ஏற்காமல் விடலாம். அப்போது இருக்கையை இரத்துச் செய்து புதுப் பெயரில் மறுபடி பிடிக்கவேண்டி வரும். அந்த விலை வகுப்பில் இருக்கை முடிந்திருந்தால் வித்தியாசக் காசு கேட்பார்கள். எனவே அண்ணா தொலைபேசியில் கேட்கவேண்டிய முதற் கேள்வி: "எல்லாப் பறப்பும் உங்களுடையதா, வேறு கம்பனியினுடையதும் இருக்கிறதா? முதலில் புது இருக்கையைப் பிடித்துவிட்டுப் பழையதை விடுவீர்களா?" இதைக் கேட்காமல் "சரி, இரத்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகலாம்.

என்ன அனுப்புவது? பாஸ்போட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், இவற்றோடு அம்மாவின் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு. உங்கள் விஷயத்தில் இந்த மூன்றாவது பத்திரம்தான் துருப்புச் சீட்டு. கந்தையா பரமேஸ்வரியும் செல்வராசா பரமேஸ்வரியும் ஒருவரே என்று காட்டுகிற கடுதாசி அது. ரிக்கெற் எடுத்தவர் யாரோ அவருடைய மின்னஞ்சலில் இருந்து அனுப்பவேண்டும். நீங்கள் கொக்குவிலில் இருந்து எழுதினால் பதில்கூட வராது. தொலைபேசியில் கதைத்தாலும், கதைத்து முடிந்ததும் அதே விஷயத்தை எழுத்திலும் கேளுங்கள். "ஓம், எயார்போட்டில் பிரச்சினை வராது" என்று வாயால் சொல்வதை ஒரு நாளும் ஏற்காதீர்கள்.

இன்னொன்று. கம்பனியின் தொலைபேசி இலக்கத்தை இணையத்தில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதில் போலிகள் உண்டு. பெயர் திருத்தித் தருகிறோம் என்று அட்டை இலக்கம் கேட்பார்கள். கம்பனியின் சொந்தத் தளத்தில் உள்ள இலக்கத்தை மட்டும் எடுங்கள்.

எவ்வளவு செலவாகும்? சில எழுத்துப் பிழைகளைப் பல கம்பனிகள் காசு இல்லாமலே திருத்தும். சர்நேம் முழுவதும் என்றால் ஒரு கட்டணம், அல்லது மீள வழங்கும் செலவு. ரிக்கெற் எடுத்த அன்றே பிழையைக் கண்டிருந்தால் கதையே வேறு. எங்களைப் போன்ற ஏஜென்ட்கள் அன்று நள்ளிரவுக்குள் ரிக்கெற்றை வொய்ட் பண்ணிவிட்டு, அதாவது எடுக்காத மாதிரியே செல்லாமல் ஆக்கிவிட்டு, பெயரைத் திருத்திப் புதிதாக எடுக்கலாம். அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற பறப்புகளுக்கு ஒரு சட்டமும் இருக்கிறது. பயணத்துக்கு 7 நாளோ மேலோ இருக்கும்போது விமானக் கம்பனியிடம் நேரடியாகப் பதிந்தால், 24 மணி நேரத்துக்கு விலையைப் பிடித்து வைக்கவோ, அந்த நேரத்துக்குள் முழுக் காசோடு இரத்துச் செய்யவோ கம்பனி இடம் தரவேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. எதுவும் சரிவராமல், கம்பனி எழுத்தில் மறுத்துவிட்டால் மட்டும் புது ரிக்கெற்றைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் பழையதை விமானம் புறப்படமுதல் இரத்துச் செய்யுங்கள். திருப்பித் தராத ரிக்கெற்றிலும் வரிகளில் ஒரு பகுதி பல வேளைகளில் திரும்பி வரும். போகாமல் விட்டுவிட்டால் அதுவும் போச்சு.

பயப்படத் தேவையில்லாத சில விஷயங்களையும் சொல்லவேண்டும். போன கிழமை ஒரு ஐயா தன் பெயரோடு மிஸ்டர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இது எந்த ஊர்ப் பெயர் என்று சண்டைக்கு வந்தார். முன்பதிவுக் கொம்பியூட்டர் இடைவெளி இல்லாமல் அப்படித்தான் ஒட்டும். அது பிழை இல்லை. போர்டிங் பாஸில் பெயர் பாதியில் வெட்டுப்படுவதும் பிழை இல்லை. அதன் பார்கோட்டில் பெயருக்கு 20 எழுத்துத்தான் இடம். பாலசுப்பிரமணியம் ஒன்றே ஆங்கிலத்தில் 15 எழுத்து. மிச்சம் ஐந்துக்குள் சொந்தப் பெயரை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? ரிக்கெற் எடுத்தபிறகு புதுப் பாஸ்போட் எடுத்தாலும் பெயர் மாறாதவரை ரிக்கெற்றை மாற்றத் தேவையில்லை, பாஸ்போட் இலக்கத்தை மட்டும் புதுப்பித்தால் போதும். விசா பழைய பாஸ்போட்டில் இருந்தால் இரண்டையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

சர்நேமும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் போவது இடைப்பட்ட ரகம். பெயர்கள் சரி, வரிசைதான் பிழை. பல கம்பனிகள் பதிவில் ஒரு குறிப்புப் போட்டு விட்டுவிடும். ஆனால் ஒரு கம்பனி போட்ட குறிப்பு மற்றக் கம்பனியின் திரையில் தெரியும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே இடையில் விமானம் மாறுகிறவர்கள் குறிப்போடு திருப்திப்படாமல் திருத்தியே எடுக்கவேண்டும். விசாவிலேயே எழுத்துப் பிழை என்றால், ரிக்கெற்றை விசாவுக்கு ஏற்ப மாற்றிவிடாதீர்கள். ரிக்கெற் எப்போதும் பாஸ்போட்டோடுதான் பொருந்தவேண்டும். விசாவைத் தந்த இடத்தில்தான் விசாவைத் திருத்தவேண்டும்.

பாஸ்போட்டில் ஒரு பெட்டி வெறுமையாக, முழுப் பெயரும் மற்றப் பெட்டியில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையில் தலையிடி. இணையப் படிவம் வெறும் பெட்டியை ஏற்காது. சில கம்பனி பெயரை இரண்டு தரம் எழுதச் சொல்லும், சில எஃப்-என்-யூ என்று போடச் சொல்லும். முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அமெரிக்க விசாவிலும் அப்படியே வரும். கம்பனியைக் கேட்காமல் நீங்களாக ஒரு புள்ளியையோ கோட்டையோ போடாதீர்கள். டுபாய்க்கு வருகை விசாவில் போவதென்றால் இன்னும் கவனம். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ளவர்களை ஐக்கிய அரபு அமீரகம் உள்ளே எடுப்பதில்லை என்று கம்பனிகளுக்கு அறிவித்தது. இப்படிப்பட்டவர்கள் அடுத்த பாஸ்போட் எடுக்கும்போதே பெட்டிகளைச் சரியாகப் பிரித்துக் கேட்பது நல்லது. முன்பு இதற்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடினோம். 2025 செப்ரெம்பரில் இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, பாஸ்போட் அலுவலகம் இருக்கிறது.

நானும் பிழை விட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் சங்கானை அம்மா ஒருவருக்கு அவசரமாக ரிக்கெற் போட்டேன். மகளின் பேறுகாலத்துக்குப் போகிறார். சர்நேமில் ஒரு எச்சை விழுங்கிவிட்டேன், பார்த்தது புறப்படுகிற அன்று மத்தியானம். சனிக்கிழமை. திருத்தக்கூடிய கவுண்டர் பூட்டு. முதலாளி ஒன்றும் பேசாமல் புது ரிக்கெற் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காசு ஏழு மாதமாக என் சம்பளத்தில் கழிந்தது. அன்றிலிருந்து பாஸ்போட்டின் அந்த அடி வரியை விரல் வைத்து, பின்னிலிருந்து முன்னாக வாசித்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. முன்னிலிருந்து வாசித்தால் கண் தெரிந்த பெயரைத் தானே நிரப்பிவிடும். பின்னிலிருந்து வாசித்தால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் தெரியும்.

திருத்தம் முடிந்தது என்று மின்னஞ்சல் வந்ததும் விட்டுவிடாதீர்கள். ரிக்கெற்றை மீள வழங்கியிருந்தால் அந்த 13 இலக்க எண் மாறியிருக்கும். கம்பனியின் தளத்துக்குப் போய், முன்பதிவுக் குறியீட்டையும் சர்நேமாகக் கந்தையாவையும் கொடுத்துத் திறந்து பாருங்கள். செல்வராசா போட்டுத்தான் திறக்கிறது என்றால் இன்னும் திருந்தவில்லை. பறப்பு ஒவ்வொன்றும் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி பதிந்தபோது அம்மாவின் சக்கர நாற்காலிக் கோரிக்கையும் மரக்கறிச் சாப்பாடும் காணாமல் போயிருக்கும். அது அடிக்கடி நடக்கிறது, இரண்டையும் திரும்பக் கேளுங்கள்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விமானம் மாறுகிற இடத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் பரமேஸ்வரி என்று கூப்பிட மாட்டார்கள், "மிஸிஸ் கந்தையா" என்றுதான் கூப்பிடுவார்கள். செத்துப்போன தகப்பனின் பெயரை யாரோ கூப்பிடுகிறார்கள், எனக்கில்லை என்று வாசலுக்கு முன்னாலேயே ஒரு அம்மா குந்தியிருந்து விமானத்தை விட்டிருக்கிறார்.